மெஷின் ரெடி... நாப்கினை யார் வாங்குவது?

சானிட்டரி நாப்கின் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் இந்தியத் தர விதிக்கு ஐ.எஸ். 5405 என்று பெயர். அந்த விதியின் 1980-ம் ஆண்டுப் பதிப்பில் ஒரு சோதனை இருந்தது. நாப்கினின் நடுவில் நிமிடத்துக்கு 15 மில்லி வீதம் 30 மில்லி திரவம் ஊற்ற வேண்டும். அடியிலோ ஓரத்திலோ கசியக் கூடாது. அந்தத் திரவம் சாயத் தண்ணீராக இருக்கலாம்; உறையாமல் இருக்க ரசாயனம் சேர்த்த ஆட்டு ரத்தமாகவும் இருக்கலாம்.

1990-களின் கடைசியில் கோவையைச் சேர்ந்த ஒரு பட்டறைக்காரர் ஏறக்குறைய இதே சோதனையைத்தான் தன் உடம்பில் செய்து பார்த்தார். கறிக்கடையிலிருந்து ஆட்டு ரத்தம், அது உறையாமலிருக்கக் கொஞ்சம் ரசாயனம், ஒரு கால்பந்து பிளாடர், அதிலிருந்து உள்ளாடைக்குப் போகும் ஒரு டியூப். இதைக் கட்டிக்கொண்டு நடந்தார், ஓடினார், சைக்கிள் மிதித்தார். கறைபட்ட துணியைப் பொதுக் கிணற்றடியில் துவைத்தார். பால்வினை நோய் வந்துவிட்டது என்று ஊர் பேசியது. பேய் பிடித்திருக்கிறது என்றது. மனைவி பிறந்த வீட்டுக்குப் போனார். கொஞ்ச நாளில் அம்மாவும் கிளம்பிவிட்டார். அரசாங்க விதிப் புத்தகத்தில் இருந்தால் அது சோதனை. பட்டறைக்காரர் செய்தால் பைத்தியக்காரத்தனம்.

அருணாசலம் முருகானந்தம் என்ற பெயரை இன்று தெரியாதவர்கள் குறைவு. 2014-ல் டைம் பத்திரிகையின் செல்வாக்கு மிக்க நூறு பேர் பட்டியல், 2016-ல் பத்மஸ்ரீ, 2018-ல் அவர் கதையைத் தழுவி அக்‌ஷய் குமார் நடித்த 'பேட்மேன்'. அந்தக் கதையை மறுபடி முழுக்கச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. சினிமாவில் கதாநாயகன் மெஷினைக் கண்டுபிடித்து விருது வாங்கியதும் விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். நிஜத்தில் அதற்குப் பிறகுதான் ரொம்பக் கஷ்டமான பாகம் ஆரம்பித்தது. செய்த நாப்கினை யாரிடம், என்ன விலைக்கு, எந்தக் கடை வழியாக, மாதாமாதம் விற்பது?

பத்துப் பைசாப் பஞ்சு

முதலில் கணக்கு. 1998-ல் கல்யாணம் ஆன புதிதில் மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்க்கிறார் முருகானந்தம். நாப்கின் வாங்கினால் வீட்டுப் பால் செலவில் கை வைக்க வேண்டிவரும் என்பது மனைவியின் பதில். கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கிப் பிரித்துப் பார்க்கிறார். உள்ளே இருக்கும் பஞ்சு பத்து கிராம்தான் தேறும். அன்றைய விலையில் பத்துப் பைசா. கடையில் ஒரு நாப்கின் நாலு ரூபாய்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. உள்ளே இருந்தது பஞ்சே இல்லை. பைன் மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் நார். அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. மில் முதலாளி என்று சொல்லிக்கொண்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு போன் போட்டு மாதிரி வரவழைத்தார். அந்த மரக்கூழ் அட்டையைப் பிரித்து நாராக்கும் இறக்குமதி மெஷின் மூன்றரைக் கோடி ரூபாய். அவர் வடிவமைத்ததோ முக்கால் லட்சத்துக்குள் அடங்கியது. முதலில் மிக்ஸி ஜார் போன்ற ஒன்றில் கூழ் அட்டையை அரைக்க வேண்டும். அந்த நாரை அச்சில் வைத்து அழுத்த வேண்டும். மேலே மெல்லிய நெய்யாத்துணியைச் சுற்றி ஒட்ட வேண்டும். கடைசியாகப் புற ஊதாக் கதிரில் கிருமி நீக்க வேண்டும். ஒரு நாள் சொல்லிக் கொடுத்தால் எட்டாங்கிளாஸ் படித்தவரும் ஓட்டிவிடலாம். 2006-ல் இதை சென்னை ஐ.ஐ.டி.யில் காட்டினார். தேசிய கண்டுபிடிப்பு விருது கிடைத்தது. வெளியே போன மனைவி ஐந்தரை வருடம் கழித்துத் திரும்பி வந்தார்.

என்னைப் பொறுத்தவரை முருகானந்தத்தின் பெரிய கண்டுபிடிப்பு மெஷின் அல்ல. அதை யாருக்கு விற்பது என்று அவர் எடுத்த முடிவு. பெரிய கம்பெனி ஒன்றுக்கு உரிமத்தைக் கொடுத்திருந்தால் கோவையில் ஒரு பங்களாவோடு கதை முடிந்திருக்கும். அவர் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் மட்டும் விற்பது என்று முடிவெடுத்தார். பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் என்று கஷ்டமான மாநிலங்களுக்கே முதலில் போனார். 2014 வாக்கில் 23 மாநிலங்களில் 1,300 கிராமங்களுக்கு மெஷின் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு மெஷினில் பத்துப் பெண்களுக்கு வேலை. ஒரு நாப்கின் சராசரியாக இரண்டரை ரூபாய். பிராண்ட் பெயரைக் குழுவே வைத்துக்கொள்ளலாம். சில ஊர்களில் காசுக்குப் பதில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு நாப்கின் கொடுத்தார்கள்.

சமூகத் தொழில்முனைவு என்று மேடைகளில் பேசப்படுவதன் மொத்த அழகும் இதில் இருக்கிறது. தேவை இருக்கும் ஊரிலேயே உற்பத்தி, உற்பத்தி செய்பவரே உபயோகிப்பவர், லாபம் ஊருக்குள்ளேயே தங்கும். ஆனால் அந்த ஊரில் பெட்டிக்கடை வைத்திருப்பவரின் கணக்கு வேறு.

ஒரு குடும்பம், மூன்று பெண்கள்

மாதவிடாய் வறுமை என்றால் என்ன என்பதைப் பெரிய புள்ளிவிவரம் இல்லாமலே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டில் அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். ஒருவருக்கு மாதம் பதினைந்து நாப்கின். ஒன்று ஆறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 270 ரூபாய். 2023 செப்டம்பரிலிருந்து தமிழக அரசு தரும் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம். கால் பங்குக்கு மேல் இதற்கே போகிறது. கையில் காசு குறைந்த மாதத்தில் முதலில் வெட்டு விழுவது அம்மாவின் பங்கில்தான். பிள்ளைகளுக்கு நாப்கின், அம்மாவுக்குப் பழைய சேலைத் துணி. பல வீடுகளில் வெளியே சொல்லப்படாத ஏற்பாடு இதுதான்.

தேசிய குடும்பநல ஆய்வு 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களிடம் மட்டுமே இதைக் கேட்கிறது. சுகாதாரமான முறையைப் பயன்படுத்துபவர்கள் 2015-16 ஆய்வில் 57.6 சதவீதம், 2019-21 ஆய்வில் 77 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நல்ல முன்னேற்றம்தான். தமிழ்நாட்டில் இது ஏறக்குறைய 98. பீகாரில் அறுபதைத் தொடவில்லை. ஆனால் நாற்பது வயதுப் பெண்ணை அந்தக் கணக்கில் தேடாதீர்கள். கட்டட வேலைக்குப் போகும், நூறு நாள் வேலைக்குப் போகும், பனியன் கம்பெனியில் நின்றபடி ஷிஃப்ட் பார்க்கும் அந்தப் பெண்ணுக்கும் மாதவிடாய் வருகிறது என்பது சர்வேக்கு ஞாபகம் வரவில்லை.

இந்த அம்மாவைத்தான் குழுவின் நாப்கின் போய்ச் சேர வேண்டும். எப்படிச் சேரும்? டிவியில் விளம்பரம் வரும் பிராண்டை மொத்த வியாபாரி கடைக்கே கொண்டுவந்து போடுகிறார், கடனுக்குக் கொடுக்கிறார், விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். சுய உதவிக் குழு இதில் எதைச் செய்ய முடியும்? அவர்களிடம் இருப்பது வங்கிக் கடன், மாதாமாதம் அதற்குத் தவணை. கடையில் போட்ட சரக்குக்குக் காசு வர இரண்டு மாதம் ஆனால் அடுத்த மூட்டை மரக்கூழ் வாங்கப் பணம் இல்லை. மரக்கூழோ வெளிநாட்டிலிருந்து வருவது. டாலர் ஏறினால் விலை ஏறும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குழுக்கள் செய்யும் நாப்கின் பல இடங்களில் தடிமனாக இருக்கும், இறக்கை இருக்காது. உள்ளே ஈரத்தை ஜெல்லாக்கிப் பிடித்துவைக்கும் ரசாயனத்தூளும் பெரும்பாலும் இருக்காது. ஆனால் விளம்பரம் பார்த்து வளர்ந்த பதினாறு வயதுப் பெண் மெல்லிசான, இறக்கை வைத்த நாப்கினைத்தான் கேட்கிறாள். ஏழைக்கு இது போதும் என்று அவளிடம் யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தரமும் அப்படித்தான், ஒரு முறை கசிந்தால் அந்தப் பிராண்டை அவள் மறுபடி தொடமாட்டாள். ஐ.எஸ். 5405 சோதனையை ஒவ்வொரு முறை செய்யும் சரக்குக்கும் நடத்திப் பார்க்கப் பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு வசதி ஏது?

2019-ல் ஆஸ்கர் வாங்கிய 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டென்ஸ்' என்ற குறும்படத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தில்லிக்குப் பக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் ஹாப்பூர் மாவட்டத்தில் இருக்கும் காட்டிகேரா கிராமம். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பள்ளியின் மாணவிகள் பணம் திரட்டி, முருகானந்தத்தின் மெஷினை அங்கே வாங்கி வைத்தார்கள். 'ஃப்ளை' என்று பெயர் வைத்து உள்ளூர்ப் பெண்கள் நாப்கின் செய்தார்கள். படம் ஆஸ்கர் வாங்கியதைப் பத்திரிகைகள் கொண்டாடின. எனக்குப் படத்தில் முக்கியமாகப் பட்டது வேறு: அந்தப் பெண்கள் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக, வீடு வீடாகப் போய்த் தங்கள் நாப்கின் எப்படி உறிஞ்சுகிறது என்று தண்ணீர் ஊற்றிக் காட்டி விற்கும் காட்சிகள். தொழிலின் நிஜமான உழைப்பு அங்கேதான். மெஷின் வாங்கித் தர உலகம் முழுக்க நன்கொடையாளர்கள் கிடைப்பார்கள். மெஷினைப் படம் எடுக்கலாம், திறப்பு விழா நடத்தலாம். ஆறாவது மாதம் விற்காமல் தேங்கிய சரக்குக்கு நன்கொடை கேட்டுப் பாருங்கள்.

நாடு முழுக்க இப்படித் திறப்பு விழா கண்டு, பிறகு ஓசையில்லாமல் பூட்டிய நாப்கின் அலகுகள் நிறைய.

வரி போனது, வாய்ப்பும் போனது

இந்தத் தொழிலில் நல்ல எண்ணத்தோடு செய்த ஒரு காரியம் சின்ன உற்பத்தியாளரை எப்படி அடித்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. கதை அது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீதம் வரி. குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரி இல்லை, நாப்கினுக்கு வரியா என்று நாடெங்கும் கோபம். கோபம் நியாயம்தான். அப்போது நிதியமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது. யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்பு கலால் வரியும் வாட் வரியும் சேர்த்தே 13.68 சதவீதம் இருந்தது, இப்போது குறைந்துதான் இருக்கிறது என்பது ஒன்று. நாப்கினுக்கான மூலப்பொருள்களுக்கு அப்போது 12, 18 சதவீதம் வரி இருந்தது. நாப்கினுக்கு மட்டும் வரியை எடுத்துவிட்டால் மூலப்பொருளில் கட்டிய வரியை உற்பத்தியாளர் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. இறக்குமதி நாப்கின்தான் லாபம் அடையும் என்பது இன்னொன்று. 2018 ஜூலை 21-ல் ஜி.எஸ்.டி. கவுன்சில் வரியை முழுக்க நீக்கியது.

சுய உதவிக் குழுவின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். ஆண்டு வியாபாரம் 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு உற்பத்தியாளர் அப்போது ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யவே தேவையில்லை. ஆகவே பெரிய கம்பெனி நாப்கினில் 12 சதவீதம் வரி ஏறியபோது, குழு நாப்கினில் ஏறவில்லை. அவர்களுக்கு இருந்த ஒரே விலைச் சலுகை அது. வரி பூஜ்யமானதும் அந்த வித்தியாசம் மறைந்தது. மூலப்பொருளுக்கு அவர்கள் கட்டும் வரியோ அப்படியே நின்றது.

வரியை நீக்கியது தவறு என்று நான் சொல்லவில்லை. மாதவிடாய்க்கு வரி போடும் நாடு என்ற பெயர் நமக்கு வேண்டாம். ஆனால் மூலப்பொருள் வரியைச் சிறு அலகுகளுக்கு ஈடுகட்டும் வழியை அன்றே யோசித்திருக்கலாம். கோஷம் போட்டவர்களும் மறந்தார்கள், வரியை எடுத்தவர்களும் மறந்தார்கள்.

அடுத்த அடி ஒரு ரூபாய் வடிவில் வந்தது. 2018 ஜூனில் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் 'சுவிதா' நாப்கின் இரண்டரை ரூபாய்க்கு வந்தது. 2019 ஆகஸ்ட்டில் அதையே ஒரு ரூபாயாக்கினார்கள். மருந்தகம் பக்கத்தில் இருக்கும் ஊர்ப் பெண்களுக்கு இது பெரிய உதவி, சந்தேகமே இல்லை. 2020 சுதந்திர தின உரையில் செங்கோட்டையில் நின்று பிரதமர் ஒருவர் சானிட்டரி நாப்கினைப் பற்றிப் பேசியது நல்ல விஷயம்தான். தாத்தாக்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அந்த வார்த்தை டிவி வழியாக வந்து விழுந்தது. ஆனால் இரண்டரை ரூபாய்க்கு விற்றால்தான் கட்டுப்படியாகும் குழு, மானியத்தோடு வரும் ஒரு ரூபாய் நாப்கினோடு எப்படிப் போட்டி போடும்? ஒரே அரசாங்கத்தின் ஒரு கை கடன் கொடுத்து அலகு தொடங்கச் சொல்கிறது, இன்னொரு கை அந்த அலகின் விலையை உடைக்கிறது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 2011-ல் மத்திய சுகாதாரத் துறை 'ஃப்ரீடேஸ்' என்ற பெயரில் ஆறு நாப்கின் கொண்ட பாக்கெட்டை ஆறு ரூபாய்க்குக் கிராமப்புற வளரிளம் பெண்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. ஆஷா பணியாளர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் அவர்களுக்கு. விற்பவருக்கும் கூலி வேண்டும் என்று யோசித்த அந்தத் திட்டத்தில் சில மாவட்டங்களுக்கான சரக்கைச் சுய உதவிக் குழுக்களிடமிருந்தே வாங்குவதாக ஏற்பாடு. அந்தப் பாதையில் தொடர்ந்து போயிருந்தால் இன்று கதை வேறு.

மாதம் ஒன்பது

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் தலைநிமிர உரிமை உண்டு. 2011-ல் அறிவித்து 2012-ல் தொடங்கிய புதுயுகம் திட்டம், கிராமப்புறத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுத்தது. பள்ளிக்குப் போகிறவளுக்குப் பள்ளியில், போகாதவளுக்கு அங்கன்வாடி வழியாக. அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார்களுக்கும், சிறையில் இருக்கும் பெண்களுக்கும் கொடுத்தார்கள். சிறைப் பெண்களை ஞாபகம் வைத்த அதிகாரி யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. உலகத்தில் முதன்முதலாக எல்லோருக்கும் இலவசம் என்று சட்டம் போட்ட ஸ்காட்லாந்து அதைச் செய்தது 2020-ல். நடைமுறைக்கு வந்தது 2022-ல்.

கணக்கு மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. மாதம் ஒன்பது. நான்கு நாள் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு இரண்டேகால் நாப்கின். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று அதே பாக்கெட்டைக் கொடுக்கும் நர்ஸ் பாடம் எடுக்கிறார்.

மகளிர் குழுக்கள் செய்யும் நாப்கின் அரசு மருத்துவமனைகளுக்குப் போவது நம் மாநிலத்தில் புதிதல்ல. இந்தத் தொழிலில் நிலைத்து நின்ற குழுக்களைக் கவனித்தால், அவர்களிடம் ஏதோ ஒரு நிரந்தர ஆர்டர் இருக்கும். மருத்துவமனையோ, விடுதியோ, மில்லோ. சில்லறைக் கடையை மட்டும் நம்பிய குழுக்கள்தான் தள்ளாடின. நான் சொல்ல வருவதும் இதுதான். சமூகத் தொழில்முனைவு தன் காலில் நிற்க வேண்டும் என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்கள். சாலை போடும் கான்ட்ராக்டர் அரசாங்க ஆர்டரை நம்பித்தான் தொழில் செய்கிறார். அவரை யாரும் தன் காலில் நில் என்று சொல்வதில்லை. பத்துப் பெண்களிடம் மட்டும் ஏன் இந்த வீரம்?

துணிக்கு வேறு பக்கம்

மெஷின் வழியில் போகாதவர்களும் உண்டு. 1999-ல் அன்ஷு குப்தா தில்லியில் தொடங்கிய 'கூஞ்ச்', சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் குவிந்து யாருக்கும் பயன்படாமல் கிடந்த நிவாரணத் துணிகளைச் சலித்து எடுத்த அமைப்பு. துணி இல்லாமை மாதவிடாயில் எவ்வளவு பெரிய பிரச்சினை என்று அவர்கள் பேசத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். நகரத்து வீடுகளின் பழைய பருத்தித் துணியைத் துவைத்து, காயவைத்து, வெட்டித் துணி நாப்கினாக்கிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அன்ஷு குப்தாவுக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது.

ஆரோவில்லில் 2010-ல் உருவான 'ஈகோ ஃபெம்' கொஞ்சம் சாமர்த்தியமான வழி பிடித்தது. துவைத்து மறுபடி பயன்படுத்தும் துணிப் பேடுகளைச் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் தைக்கிறார்கள். வெளிநாட்டிலும் நகரத்திலும் நல்ல விலைக்கு விற்கிறார்கள். அந்தப் பணத்தில் பள்ளி மாணவிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள், கூடவே வகுப்பும் எடுக்கிறார்கள். ஒரு பேடு சில வருடம் உழைக்கும். பணம் இருப்பவர் இல்லாதவருக்காகக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டில் அரசாங்க டெண்டருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் துணிப் பேடு கேட்கும் மூன்று சாமான்கள் கடையில் கிடைக்காதவை: தண்ணீர், வெயில், மறைவு. ஒண்டுக் குடித்தன வீட்டில், பொதுக் கழிப்பறையில், கொடியில் மாமனாரின் வேட்டிக்குப் பக்கத்தில் இதை யார் காயப் போடுவார்? இருட்டு மூலையில், வேறு துணிக்கு அடியில் ஈரத்தோடு காய்வதுதான் நோய்க்கு வழி. குடும்பநல ஆய்வு துணி என்றாலே சுகாதாரமற்ற பக்கத்தில் தள்ளிவிடுகிறது. துணி குற்றவாளி அல்ல; காயப்போட இடம் தராத வீடுதான்.

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி ஊராட்சி இன்னும் ஒரு படி போனது. பொதுத்துறை நிறுவனமான ஹெச்.எல்.எல். உதவியோடு ஐயாயிரத்துக்கும் அதிகமான மாதவிடாய்க் கப்புகளைக் கொடுத்து, பயிற்சியும் கொடுத்து, 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத ஊராட்சி என்று அறிவித்துக்கொண்டது. சிலிகான் கப் ஒன்று பல வருடம் வரும். கல்யாணத்துக்கு முன் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற பயம் நம் ஊரில் இன்னும் பலமாக இருக்கிறது. அதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது.

கப், துணி என்று இவர்கள் ஓடுவதற்குக் காரணம் குப்பை. ஒருமுறை பயன்படுத்தும் நாப்கினில் பெரும்பகுதி பிளாஸ்டிக். 2016 திடக்கழிவு விதிகள் நாப்கின் கம்பெனிகள் அதைச் சுற்றிப் போடப் பையும் கொடுக்க வேண்டும் என்றன. அதற்கு முன்பே, 2013 மகளிர் தினத்தை ஒட்டி, புனேயின் குப்பை சேகரிப்போர் கூட்டுறவான 'ஸ்வச்' பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டி அவற்றைத் தயாரித்த கம்பெனிகளுக்கே திருப்பி அனுப்பியது. அதைக் கையால் பிரிப்பவரும் பெண்தான் என்று அந்த மூட்டை ஞாபகப்படுத்தியது. மலிவு நாப்கின் எல்லோருக்கும் வேண்டும் என்று எழுதும்போது எனக்கு இது இடிக்கத்தான் செய்கிறது. மரக்கூழும் மெல்லிய உறையும் மட்டும் கொண்ட குழு நாப்கின், ஜெல் நாப்கினைவிட இந்த விஷயத்தில் மேல் என்பதைக் குழுக்களே சொல்லி விற்கத் தெரியாமல் இருக்கிறார்கள்.

படிக்கட்டில் பரீட்சை

நாப்கின் கொடுத்தால் பெண்கள் பள்ளியை விட்டு நிற்கமாட்டார்கள் என்பது இந்தத் துறையில் எல்லாத் திட்ட அறிக்கையிலும் முதல் பக்கத்தில் இருக்கும் வாதம். பொருளாதார அறிஞர்கள் எமிலி ஆஸ்டரும் ரெபெக்கா தார்ன்டனும் நேபாளத்தின் சித்வன் பகுதியில் இதைச் சோதித்தார்கள். சில மாணவிகளுக்குக் கப் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. 2011-ல் வெளியான முடிவு: 180 நாள் கொண்ட பள்ளி ஆண்டில் மாதவிடாயால் ஒரு மாணவி இழந்தது அரை நாள்கூட இல்லை. கப் கொடுத்ததால் வருகை கூடவுமில்லை. ஆனால் கப் பயன்படுத்திய பெண்களுக்கு அது பிடித்திருந்தது. துவைக்கும் வேலை மிச்சமானது.

ஒரு ஊரின் முடிவு எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஆனாலும் ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. வருகைப் பதிவேட்டில் கூடுதலாக ஒரு டிக் விழுந்தால்தான் ஒரு பெண்ணுக்கு உலர்ந்த துணி கொடுப்போமா? பள்ளிக்கு வந்து, நாள் முழுக்கப் பாவாடையில் கறை படிந்துவிடுமோ என்று எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் பதிவேட்டில் 'வருகை'தான்.

2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், புதிதாகப் பூப்பெய்திய எட்டாம் வகுப்பு மாணவியை வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துப் பரீட்சை எழுதச் சொன்னார்கள். வீடியோ வெளியானதும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. மதுரை மாவட்டத்துக் கூவலாபுரம் பக்கம் மாதவிடாய் நாட்களில் பெண்கள் ஊருக்கு வெளியே முட்டு வீட்டில் தங்குவது பலமுறை செய்தியாக வந்திருக்கிறது. முதலாவது நடந்தது நாப்கின் மெஷின் பிறந்த மாவட்டத்தில்; இரண்டுமே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று சர்வே சொல்லும் மாநிலத்தில். தீட்டு என்ற நினைப்பை எந்தத் தொழில்முனைவோரும் அரைத்துக் கூழாக்கிவிட முடியாது. அது ஆசிரியர் பயிற்சியில், வீட்டு வாசலில், ஆண்களிடம் நடக்க வேண்டிய வேலை. மகளிர் குழுவின் தலையில் அதையும் கட்டாதீர்கள்.

அவர்களிடம் கேட்க வேண்டியது நல்ல நாப்கின். அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது ஆர்டர். மாநில அரசு பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் வாங்கும் நாப்கினில் ஒரு பங்கைக் குழுக்களுக்கு என்று ஒதுக்கி, மாவட்டத்துக்கு ஒரு தரச் சோதனைக் கூடமும் வைத்துக் கொடுத்தால் பூட்டிய அலகுகள் பல திறக்கும். மாதம் ஒன்பது என்பதைப் பதினைந்தாக்கினால் அந்தக் கூடுதல் ஆறுக்கான வேலையை அப்படியே அவர்களிடம் கொடுக்கலாம். மூலப்பொருள் வரிக்கு ஈடாக ஒரு மானியம் கொடுப்பதும் பெரிய தொகை ஆகாது.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிறந்தநாளுக்கு, பெற்றோர் நினைவு நாளுக்கு அரசுப் பள்ளிக்கு நாப்கின் வாங்கித் தரும் நல்ல பழக்கம் பரவி வருகிறது. கம்பெனிகளும் சமூகப் பொறுப்பு நிதியில் செய்கிறார்கள். மொத்தக் கடைக்குப் போகும் முன் உங்கள் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்; நாப்கின் செய்யும் குழு எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள். ஒரு பாக்கெட் வாங்கி வீட்டுப் பெண்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சரியில்லை என்றால் என்ன குறை என்று குழுவிடம் நேரில் சொல்லுங்கள். சரியாக இருந்தால் ஒரு நாளைக்கு மட்டும் வாங்காமல் ஒரு வருடத்துக்கு ஆர்டர் கொடுங்கள். பாதிப் பணத்தை முன்பணமாகவும், மீதியை முப்பது நாளுக்குள்ளும் கொடுத்துவிடுங்கள்.